கோயம்புத்தூரில் ஓடிய மெஷின் கோத்தகிரியில் ஏன் முனகுகிறது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டோடு சின்னதாக ஒரு மரப்பட்டறை போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். கோயம்புத்தூர் கடையில் மெஷினை ஓட்டிப் பார்க்கிறார்கள், வெண்ணெயாக அறுக்கிறது, காசைக் கொடுத்துக் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மேலே வந்ததும் அதே மெஷின் முனகுகிறது. மரத்தைக் கருக்குகிறது. இழைத்த பலகை முறுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. உடனே கையில் ஸ்பானர். தெரிகிற போல்ட்டை எல்லாம் தளர்த்தி, டேபிளை நகர்த்தி, கத்தியைக் கழற்றி, கடைசியில் கம்பெனியில் சரியாகப் பொருத்தி அனுப்பியதையும் கலைத்துவிட்டுத்தான் யாரையாவது கூப்பிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், மெஷினைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. முதலில் கரண்டைப் பார். அப்புறம் தரையைப் பார். அப்புறம் மரத்தைப் பார். மூன்றும் சரியாக இருந்தும் கோளாறு போகவில்லை என்றால் ஸ்பானரை எடு. மலையில் இந்த வரிசை முக்கியம். ஏனென்றால் கோயம்புத்தூருக்கும் நமக்கும் நடுவில் மாறியது மெஷின் இல்லை, மற்ற மூன்றும்தான்.

நான் ஆசாரி இல்லை. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினில் இரண்டு பல் ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைமுடி அளவு கோணினால்கூட ஒரு பக்கம் இலை நசுங்கும், மறுபக்கம் அப்படியே விழும். அந்த வேலையில் பழகிய கண் இது. நல்ல ஆசாரி கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவதை நான் ஃபீலர் கேஜ் என்கிற, இடுக்கில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகளை வைத்துத்தான் சொல்வேன். அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பரவாயில்லை.

என்னோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவரின் மகன் கட்டபெட்டு பக்கம் இருக்கிறான். தேன்பெட்டி செய்து விற்கலாம் என்று டேபிளின் நடுவே வட்டப் பிளேடு சுற்றும் பத்து அங்குல டேபிள் சா ஒன்றும், எட்டு அங்குல இழைப்பு மெஷின் ஒன்றும் வாங்கியிருந்தான். தேன்பெட்டி பார்க்க எளிது, செய்தால்தான் தெரியும். நம் நாட்டுத் தேனீக்கு, அடை கட்டும் மரச்சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் 7 முதல் 9 மில்லிமீட்டர் வழி விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அங்கேயே அடை கட்டிச் சட்டத்தைப் பெட்டியோடு ஒட்டிவிடும். குறைத்தால் ஈ நடமாட முடியாது. ஆசாரிக் கணக்கில் அரை நூல் தவறினாலே பெட்டி வீண்; ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதனால் அவனுக்கு மெஷின் சுத்தமாக நிற்பது அவசியம்.

"மாமா, மெஷின் ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. 'உம்ம்'னு கத்திட்டு நிக்குது. உயரத்துல மோட்டார் இழுக்காதுன்னு ஒருத்தர் சொல்றாரு, நெசமா?"

இந்த உயரக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். டீசல் எஞ்சின் காற்றைக் குடித்து ஓடுவது. காற்று மெலிந்தால் இழுவை குறையும். ஃபேக்டரி ஜெனரேட்டரில் அதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். கரண்ட் மோட்டாருக்கு அப்படி இல்லை. அதற்குக் காற்று வேண்டியது சூடு தணிய மட்டுமே. மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் திறன் பொதுவாக 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் வரைக்குமான கணக்கு. கோத்தகிரி அதைவிடப் பல நூறு மீட்டர் உயரம். காற்று கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் அடர்த்தி. ஆனால் இங்கே 40 டிகிரி எங்கே அடிக்கிறது? காற்று மெலிந்ததில் போகிற குளிர்ச்சியை நம் ஊர்க் குளிர் ஈடு கட்டிவிடும். ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

பழி ஒயர் மேல். அவன் வீடு கீழே, கொட்டகை தேயிலைச் சரிவில் மேலே. மீட்டரிலிருந்து கொட்டகைக்கு 40 மீட்டர் இருக்கும். முன்பு அங்கே ஒரு பல்பு எரிவதற்காகப் போட்ட 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயரிலேயே இரண்டு எச்.பி. மோட்டாரை மாட்டியிருந்தான். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 1.5 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு 12 ஓம் தடை. போக 40, வர 40, ஆக 80 மீட்டர்; தடை கிட்டத்தட்ட ஒரு ஓம். இரண்டு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். அப்போது வழியில் 10 வோல்ட் போகும், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் புறப்படும் நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும். 50 ஆம்பியர், ஒரு ஓம், 50 வோல்ட் காலி. மீட்டரில் 215 இருந்தால் மோட்டாரின் வாயில் 165 தான். மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230-க்குப் பதில் 165 என்றால் விசை பாதியாகிவிடுகிறது. பாதி விசையில் பெல்ட்டையும் பிளேடையும் சேர்த்துச் சுழற்றச் சொன்னால் அது கத்தாமல் என்ன செய்யும்?

மல்டிமீட்டரைச் சும்மா பிளக் பாயிண்டில் வைத்து "220 காட்டுது மாமா" என்று சொல்வதில் பயன் இல்லை. சுமை இல்லாதபோது எல்லா ஒயரும் 220 காட்டும். மோட்டார் புறப்படும்போது மோட்டார் முனையிலேயே பார்க்க வேண்டும். அதுவும் ஒயரிங் தெரிந்த ஆள் பார்க்கட்டும். கவர் திறந்த மோட்டாரில் பழக்கமில்லாத கை வேண்டாம். 6 ஸ்கொயர் ஒயருக்கு மாற்றினோம். அதன் தடை கிலோமீட்டருக்கு 3 ஓம்தான், அதே 50 ஆம்பியருக்கு 12 வோல்ட்தான் விழும். ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்டான். ஒயர் மெல்லிசாக இருக்கும்போது ஸ்டெபிலைசர் வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு.

ஒயர் மாற்றியும் முனகினால் அப்போது மோட்டாரைப் பார்க்கலாம். சந்தேகம் இரண்டு இடத்தில். ஒன்று, மோட்டார் புறப்பட உந்து கொடுக்கும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர். இன்னொன்று, வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் சுற்றைத் துண்டிக்க மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃபூகல் சுவிட்ச். மரத்தூள் அதன் முனைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டால் ஸ்டார்ட்டிங் சுற்றுக்குக் கரண்டே போகாது. கெப்பாசிட்டர் கழற்றிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், அதை வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். பையனுடைய மோட்டாரில் இரண்டும் நன்றாகவே இருந்தன.

குளிர்காலத்தில் இன்னொன்று நடக்கும். ஜனவரி விடிகாலையில் பேரிங் கிரீஸ் இறுகியிருக்கும். பல நாள் நிற்கும் மெஷினில் வி-பெல்ட் புல்லியைச் சுற்றிய வளைவிலேயே விறைத்துப்போயிருக்கும். ஓட ஆரம்பித்ததும் 'தடக் தடக்' என்று ஆடும். கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டால் தானாக அடங்கும். அதைக் கேட்டுப் பயந்து பேரிங் மாற்றியவர்கள் உண்டு.

சரி, மெஷின் ஓடிவிட்டது. அடுத்த ஃபோன். "மாமா, இழைச்ச பலகை எல்லாம் முறுக்கா வருது. கத்தியை மூணு தடவ செட் பண்ணிட்டேன்."

நேரில் போய்ப் பார்த்தேன். கத்தியில் ஒன்றுமில்லை. அந்தக் கொட்டகை முன்பு உரமூட்டை வைத்த இடம். கழுவிவிட்டால் தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். சரிவும் ஒரே சீராக இல்லை. அந்தத் தரையில் இழைப்பு மெஷினின் நாலு காலையும் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கி முடுக்கியிருந்தான். நாலு கால் மேடுபள்ளத் தரையில் நின்றால் ஒரு கால் தரையைத் தொடாது. தொடாத காலைப் போல்ட் போட்டு இழுத்தால் கால் கீழே போகும், கூடவே ஸ்டாண்டும் அதன் மேலிருக்கும் டேபிளும் ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு வளையாது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. நேரான இரண்டு ரீப்பர் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே உயரம். மரம் உள்ளே போகும் டேபிளின் நுனியில் ஒன்றைக் குறுக்கே நிறுத்துங்கள், வெளியே வரும் டேபிளின் நுனியில் இன்னொன்று. குனிந்து ஒன்றின் மேல்விளிம்போடு மற்றதன் மேல்விளிம்பை ஒட்டிப் பாருங்கள். இரண்டு கோடும் இணையாகத் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் வெளிச்சம் விட்டால் டேபிள் முறுக்கியிருக்கிறது. இப்போது தரை போல்ட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். பையனுடைய மெஷினில் போல்ட்டைத் தளர்த்தியதுமே கோடு நேராகிவிட்டது. ஒரு கால் மட்டும் அந்தரத்தில். அந்த இடைவெளிக்குத் தகட்டுத் துண்டுகளை வைத்து நிரப்பிவிட்டு, போல்ட்டை மெஷின் நகராத அளவுக்கு மட்டும் பிடித்தோம். மரச்சில்லு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் அது ஆடியில் ஊதும், மாசியில் சுருங்கும், முறுக்கு திரும்ப வந்துவிடும்.

ரசமட்டம் வைத்து மெஷினைத் தரையோடு மட்டம் பார்க்கிறேன் என்று அரைநாள் மெனக்கெடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷின் சாய்ந்து நிற்கலாம், தப்பே இல்லை. முறுக்கி நிற்கக் கூடாது. பலகைக்கு எது மேடு எது பள்ளம் என்று தெரியாது, அது டேபிளை மட்டும்தான் பார்க்கிறது.

இழைப்பு மெஷினை விட்டு நகரும் முன் இன்னொரு விஷயம். பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் கத்தி ஆழமாகக் கடித்துப் பள்ளம் விழுகிறதா? வெளியே வரும் டேபிள் கத்தியைவிடத் தாழ்ந்திருக்கிறது. பலகை வெளிவரும்போது அந்த டேபிளின் விளிம்பில் போய் முட்டுகிறதா? டேபிள் உயர்ந்திருக்கிறது. அந்த டேபிளும் கத்தி முனை சுற்றி வரும் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நேரான மரத்துண்டு ஒன்றை அந்த டேபிளில் வைத்து, நுனி கத்தியின் மேல் நீட்டியிருக்கும்படி விடுங்கள். கத்தி பொருத்திய உருளையைக் கையால் மெல்லத் திருப்பினால் கத்தி துண்டை உரசி ஒரு நூல் அளவு இழுத்துச் செல்ல வேண்டும். தொடாமல் போனால் டேபிளை இறக்குங்கள், அதிகமாக இழுத்தால் ஏற்றுங்கள். கத்தியின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும், ஒவ்வொரு கத்திக்கும், இழுக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாக் கத்தியையும் ஒரே மட்டத்தில் வைத்த பிறகுதான் டேபிள். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்க ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது மரம். இதில்தான் மெஷின் மேல் அநியாயப் பழி அதிகம் விழுகிறது. பையன் சில்வர் ஓக் பலகை வாங்கியிருந்தான். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இழைத்தால் ரேகை அழகாகப் பூப்பூவாக வரும். டேபிள் சாவில் நீளவாக்கில் கிழிக்கும்போது பாதி தூரம் போனதும் அறுத்த இரண்டு பாகமும் சேர்ந்து பிளேடைக் கவ்விக்கொள்கிறது. "ஃபென்ஸ் கோணல்" என்று அவனாகவே தீர்ப்பு எழுதிவிட்டான். பலகையை ஒட்டித் தள்ளுகிற பக்கத் தடுப்புதான் ஃபென்ஸ்.

இந்த மாதிரி நேரத்தில் நான் 18 எம்.எம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு ஒன்றைக் கேட்பேன். அதற்கு ரேகை கிடையாது, மரத்துக்கு உள்ளே இருக்கும் இழுவிசை கிடையாது. மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லும். எம்.டி.எஃப். சுத்தமாக அறுபட்டு, சில்வர் ஓக் மட்டும் கவ்வினால் கோளாறு மரத்தில். எம்.டி.எஃப்.பும் கருகினால் கோளாறு மெஷினில். இந்த ஒரு துண்டு பல மணிநேரத்தை மிச்சம் பிடிக்கும். தைலமரம் வாங்கி அறுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தைலமரம் வளரும்போதே வெளிப்பாகம் ஒரு பக்கமும் உள்பாகம் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டே வளர்வது. வெட்டிப்போட்ட கட்டையே தானாக நுனியில் பிளக்கும். அதைக் கிழித்தால் பலகை வில்லாக வளைவதைப் பார்த்து ஃபென்ஸைத் திருகி என்ன பயன்?

பையனுடைய பலகையில் இழுவிசையோடு ஈரமும் சேர்ந்திருந்தது. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தானும் ஈரம் வாங்கும், விடும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் நின்றால் மரத்தில் 12 சதவீதம் நிற்கும். மூடுபனி இறங்கி 90-ல் வாரக்கணக்கில் நின்றால் மரம் 20-ஐத் தொடும். மேட்டுப்பாளையம் கடையில் தகரக் கூரைக்குக் கீழே காய்ந்த பலகையை மேலே கொண்டுவந்தால் அது ஊதும். இங்கேயே அறுத்த பச்சைப் பலகையை உள்ளே வைத்தால் சுருங்கும். ஆறு அங்குல அகலத்தில் ஒரு நூல் வரைக்கும் போகலாம். தேன்பெட்டியின் இடைவெளிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். இன்றைக்குத் துல்லியமாக அறுத்தது மாசி மாதத்தில் எந்த அளவில் இருக்கும்?

ஃபேக்டரியில் தேயிலையை 3 சதவீத ஈரம் வரைக்கும் உலர்த்துவோம், அளப்பதற்குக் கருவி உண்டு. வீட்டில் அது வேண்டியதில்லை. அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து எண் போட்டு, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்தால் போதும். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் காய்கிறது. எடை நின்றுவிட்டால் அந்த அறைக்கு மரம் பழகிவிட்டது என்று அர்த்தம். பலகைக்கு நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் கட்டைகளை வைத்து, ஒன்றன் நேர்கீழே ஒன்று வரும்படி அடுக்க வேண்டும். ரீப்பர் முன்பின்னாகப் போனால் பலகை அலையலையாகக் காயும். இடையில் சொல்லிவிடுகிறேன், சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு, தடிப்பு கொண்டுவரும். முழுக்கை சட்டையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கழுத்தில் வந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, எம்.டி.எஃப். துண்டும் ஒரு பக்கம் லேசாகக் கருகியது. அப்போதுதான் ஸ்பானர்.

கருகினால் முதலில் பிளேடைக் கழற்றிப் பாருங்கள். தைலமரப் பிசின் பல்லில் அப்பியிருந்தால் புது பிளேடும் மழுங்கினதாகத்தான் நடந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி சோப்புத்தூள் கரைத்து ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவையுங்கள். நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேடு, குறுக்கே அறுக்க 60 பல். அறுபது பல் பிளேடில் கிழித்தால் கருகும்தான். பிளேடு உட்காரும் வாஷரில் ஒரு துளி மரத்தூள் ஒட்டியிருந்தாலும் பிளேடு தள்ளாடும். இறுக்கும் முன் இரண்டு முகத்தையும் துடையுங்கள்.

இரண்டு பக்கமும் கருகினால் பெரும்பாலும் பிளேடு மழுக்கம், அல்லது தள்ளும் கை ரொம்ப மெதுவு. ஃபென்ஸ் பக்கம் மட்டும் கருகினால் பிளேடும் ஃபென்ஸும் இணையாக இல்லை. அதைப் பார்க்க டயல் கேஜ்கூட வேண்டாம். ஸ்கூட்டர் மெக்கானிக் டாப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். லேசர் வெளிச்சம் போட்டுக் கோடு காட்டும் சாமான் ஒன்றையும் பையன் வாங்கி வைத்திருந்தான். அந்தக் கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன், அதை வைத்து எதை அளப்பது?

செய்முறை இதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழுசாக மேலே ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் குறி போடுங்கள். டேபிளில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் காடியில் ஆடாமல் ஓடும்படி ஒரு ரீப்பரை இழைத்து, அதன் மேல் குறுக்குக் கட்டை அறைந்து, கட்டையின் நுனியில் ஒரு திருகாணியைப் போடுங்கள். குறி போட்ட பல்லை முன்னால் கொண்டுவந்து திருகாணித் தலை அதை மெல்லத் தொடும்படி திருகுங்கள். இப்போது அதே பல்லைப் பின்னால் சுற்றி, ரீப்பரையும் பின்னால் தள்ளுங்கள். அதே பல் என்பது முக்கியம். வேறு பல்லை அளந்தால் பிளேடின் தள்ளாட்டமும் கணக்கில் கலந்துவிடும். பின்னால் இடைவெளி விட்டால் ஃபீலர் கேஜைச் செருகி அளவு எடுங்கள். இடைவெளியே இல்லாமல் தலை பல்லில் முட்டினால் கோணல் எதிர்ப்பக்கம். அப்போது பின்னால் தொடும்படி வைத்துக்கொண்டு முன்னால் அளக்கலாம். 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கையை வைக்காதீர்கள்.

பையனுடையதில் அரை மில்லிமீட்டருக்குக் கிட்டே இருந்தது. காரணம் குனிந்து பார்த்ததும் தெரிந்தது. டேபிளுக்குக் கீழே மோட்டார், பிளேடு எல்லாவற்றையும் தாங்கும் பகுதி நாலு போல்ட்டில் தொங்குகிறது. மெஷினை நேராக நிறுத்தாமல் படுக்கப்போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். குஞ்சப்பனை வழியாக வளைவு வளைவாக ஏறியதில் மோட்டாரின் கனம் அந்த போல்ட்டுகளை ஆட்டி ஆட்டி ஒரு பக்கம் தளர்த்தியிருக்கிறது. புல்லியைத் தண்டோடு பிடிக்கும் பொடி ஸ்க்ரூவும் பாதி கழன்றிருந்தது. மலைக்கு ஏற்றி வரும் எந்த மெஷினையும் ஓட்டும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

மூன்று போல்ட்டைத் தளர்த்தி, ஒன்றைப் பிடியிலேயே விட்டு, கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி நகர்த்தினோம். இறுக்கும்போது மறுபடி நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். எரிச்சலான வேலைதான். அது முடிந்ததும் ஃபென்ஸை அதே காடிக்கு இணையாக வைத்தோம். பின்பக்கம் 0.1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் தப்பில்லை. பின்பக்கம் நெருங்கியிருக்கவே கூடாது. நெருங்கினால் மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் சிக்கி, பிளேடின் பின்பல் அதைத் தூக்கி நம் வயிற்றைப் பார்த்து எறியும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு அறுத்த மரம் சேர்ந்து கவ்வாமல் இருக்கத்தான் இருக்கிறது. பையன் அதை "தடங்கலா இருக்கு" என்று கழற்றி அலமாரியில் வைத்திருந்தான். எடுத்து மாட்டிய பிறகுதான் நான் டீ குடித்தேன். சில்வர் ஓக், தைலமரம் அறுப்பவன் அந்தத் தகடு இல்லாமல் மெஷினைப் போடுகிறான் என்றால் அவனோடு பேசுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

துருவைப் பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. இரவு முழுக்கக் குளிர்ந்த வார்ப்பிரும்பு காலையிலும் குளிர்ந்தே இருக்கும். கதவைத் திறந்ததும் வெயில் பட்ட ஈரக்காற்று உள்ளே வந்து அதன் மேல் தண்ணீராகப் படியும். மழை ஒழுகவில்லையே, எப்படித் துரு என்று கூரையைப் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் டேபிளைத் துடைத்து மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் பளபளப்பாக்குங்கள். எண்ணெய் பூசினால் அது மரத்தில் இறங்கும், அப்புறம் பசை பிடிக்காது. நெருக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கித்தானைத் தளர்வாகப் போட்டு, டேபிளுக்குக் கீழே ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டால் இரும்பு காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருக்கும், தண்ணீர் படியாது. பல்பைத் துணியோ மரத்தூளோ தொடாமல் கூண்டு போட்டு வையுங்கள். எல்.இ.டி. வந்த பிறகு குண்டு பல்பு கிடைப்பதுதான் கஷ்டம்.

செங்கோணம் பார்க்க மூலைமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம், மூலைமட்டமே கீழே விழுந்து கோணியிருக்கலாம். ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டிப்போட்டு, இரண்டு வெட்டு முகத்தையும் சேர்த்து நேரான ஃபென்ஸோரம் வையுங்கள். இடைவெளி தெரிந்தால் பிழை இரண்டு மடங்காகக் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். பாதியைத் திருத்தினால் போதும்.

இப்போது அவன் மெஷினில் பாக்கி ஒன்றுதான். ஃபென்ஸின் முன்பூட்டை இறுக்கும்போது பின்நுனி கொஞ்சம் நகர்கிறது. பூட்டின் உள்ளே இருக்கும் தகடு தேய்ந்ததா, வார்ப்பே கோணலா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் பின்நுனியை ஒரு சி-கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முன்னாலும் பின்னாலும் டேப்பில் அளந்துவிட்டுத்தான் பிளேடை ஓடவிட வேண்டும்.

"எப்ப மாமா பெட்டி அறுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். முதல் அடுக்குப் பலகையின் எடை நின்றுவிட்டது, அதை அறுக்கலாம். மேல் அடுக்கு இப்போதுதான் மில்லிலிருந்து வந்தது, வாராவாரம் எடை இறங்குகிறது. அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் கொடுத்தவரிடம் என்ன சொல்வது என்று அவன் முகம் சுருங்கிவிட்டது. மரம் காயவில்லை என்று சொல், வேறென்ன.